புளூடூத் ஓபிடி ஸ்கேனர்: ஏற்காடு ஏறும் காருக்கு இது போதுமா?

காரின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால், பழுதைக் குறிக்கும் எண்களை (கோடுகளை) போன் ஆப்பில் காட்டும் கருவிதான் ஓபிடி ஸ்கேனர். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஈ.எல்.எம். 327 சிப்பின் நகல்கள். ‘வி1.5’ என்று போட்டிருந்தால் நகலேதான்; அசல் நிறுவனம் அந்த எண்ணில் எதையும் வெளியிட்டதில்லை. அதற்காக ஒதுக்க வேண்டாம். என்ஜின் கோடு படிக்கும், அழிக்கும், லைவ் டேட்டா காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் மட்டும் பொதுவான ஆப்களில் வராது.

ஸ்கேனரில் வந்த பழுது எண்ணை அப்படியே நம்பி பார்ட்ஸ் வாங்கினால்தான் பணம் போகும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மழையும் மூட்டமுமாக இருக்கும்போது ஹெட்லைட், வைப்பர், புளோயர், டீஃபாகர் எல்லாம் ஓடும்; முன்னால் போகும் பஸ்ஸோடு வண்டி ஊரும். என்ஜின் குறைந்த சுற்றில் ஓடும்போது ஆல்டர்நேட்டர் (காரில் கரன்ட் தயாரிக்கும் டைனமோ) தரும் கரன்ட்டும் குறைவு. ஆல்டர்நேட்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் வோல்டேஜ் சரியும், இக்னிஷன் காயில் முழுசாகச் சார்ஜ் ஆகாது, ஈசியூக்கள் (காரின் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்கள்) ஒன்றோடொன்று பேசுவது அறுந்துபோகும். ஸ்கேனரில் வருவது பி0300 மிஸ்ஃபயர், யு0121 ஏபிஎஸ் தொடர்பு இல்லை. பிளக், காயில், ஏபிஎஸ் யூனிட் என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வார்கள். சம்பந்தமில்லாத கோடுகள் கும்பலாக வந்தால், கூடவே பி0562 (வோல்டேஜ் குறைவு) இருந்தால், முதலில் கரன்ட்டைப் பாருங்கள்.

ஆப்பில் வோல்டேஜ் இரண்டு விதமாக வரும். ஸ்கேனர் தானே அளப்பது ஒன்று. நகல்களில் அது கொஞ்சம் பிசகும். ‘கன்ட்ரோல் மாட்யூல் வோல்டேஜ்’ என்பது ஈசியூ சொல்வது, அதை நம்பலாம். தீர்ப்பு மட்டும் மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்துத்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து 1500–2000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5. எல்லா லோடையும் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் சந்தேகம் சரி. புதிய கார்கள் சிலவற்றில் ஈசியூவே சார்ஜிங்கைக் குறைத்து 12.5 காட்டும், ஹெட்லைட் போட்டதும் ஏறினால் பழுதில்லை.

ஆல்டர்நேட்டரைக் கழற்றுவதற்கு முன் பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். பிறகு லோடு ஓடும்போதே ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் போல்ட்டுக்கும் (கரன்ட் வெளியே வரும் முனை) பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே வோல்டேஜை அளந்து பாருங்கள். அதன் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவேயும் அப்படியே. எதிலாவது 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் குற்றவாளி கேபிளோ எர்த்தோ.

ஆல்டர்நேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டையோடு போயிருந்தால் டிசி அளவு ஓரளவு சரியாகவே காட்டி ஏமாற்றும். பேட்டரியில் ஏசி அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டையோடுதான். மஞ்சள் டிடி830டி மீட்டர் இதற்கு உதவாது. அதில் ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட். ஏசியில் மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டராக வாங்குங்கள்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ செக்’ செய்யும் பட்டறைப் பழக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அந்த நொடியில் எழும் வோல்டேஜ் ஈசியூவையே பலி வாங்கும். ஈசியூ விலைக்கு முன்னால் ஆல்டர்நேட்டர் ஒன்றுமே இல்லை.

ஸ்கேனரை மாட்டியபடியே வண்டியை நிறுத்தவும் வேண்டாம். ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். சில நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.