ஜூலியெட்டா எஸ்.இஸட்.: பூர்வீகத்தோடு வாழ்ந்த அனுபவம்

ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தின் பழைய பந்தயக் காரான ஜூலியெட்டா எஸ்.இஸட். (ஸ்பிரிண்ட் ஜகாட்டோ) ஒன்றை இத்தாலியில் பல ஆண்டுகளாக வைத்து ஓட்டிவருகிறேன். அதன் எஞ்சின், வேகம், வளைவுகளில் அது திரும்பும் நேர்த்தி ஆகியவை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வாங்க நினைப்பவருக்கு அவற்றைவிட அவசியமானது, வண்டியின் பூர்வீகத்தை, அதாவது அது அசலானதா, யார் யார் கைமாறி வந்தது என்பதை, எப்படிச் சரிபார்ப்பது, சரிபார்த்ததை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் என்று நான் கருதுவதால், அந்த அனுபவத்தையே இங்கே பகிர்கிறேன்.

இந்த மாடலின் தொடக்கமே ஒரு விபத்தில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மில்லே மில்லியா என்ற இத்தாலிய நெடுஞ்சாலைப் பந்தயத்தில் லேட்டோ தி பிரியோலோ சகோதரர்களின் ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் வெலோச்சே கார் மோதிச் சிதைந்தது. மிலானில் உகோ ஜகாட்டோ 1919இல் தொடங்கிய பட்டறைக்கு அது சென்றபோது, எடை குறைந்த அலுமினியத் தகட்டில் அதற்குப் புதிதாகப் பாடி கட்டிக் கொடுத்தார்கள். பழைய வண்டியைவிட அது வேகமாக ஓடவே, மற்றவர்களும் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து அதேபோலக் கட்டித் தரச் சொன்னார்கள். பின்னர் ஆல்ஃபா ரோமியோவே அடித்தளத்தைக் கொடுத்து ஜகாட்டோவிடம் பாடி கட்டச் செய்து, 1960இல் ஜெனீவா கண்காட்சியில் எஸ்.இஸட். என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. 1290 சிசி எஞ்சின், 100 குதிரைத்திறன், ஐந்து கியர், 800 கிலோவுக்கும் குறைந்த எடை. முதலில் வந்தவற்றுக்குப் பின்புறம் உருண்டையாக இருந்தது. எர்கோலே ஸ்பாடா வடிவமைத்த பிந்தையவற்றின் பின்புறம் நீண்டு, வெட்டியதுபோல முடிந்தது. இரண்டு வகையும் சேர்த்து 200க்குச் சற்று மேற்பட்ட வண்டிகளே கட்டப்பட்டன.

போலி எளிதில் உருவாவதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. அடித்தளம் சாதாரண ஜூலியெட்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், துருப்பிடித்த ஸ்பைடர் (கூரை திறக்கும் ஜூலியெட்டா) ஒன்றை வாங்கி, திறமையான தகட்டுத் தொழிலாளியிடம் கொடுத்தால், பார்வைக்கு எஸ்.இஸட். போலவே ஒன்றைக் கட்டிவிட முடியும். உண்மையான வண்டிகளும் பந்தயங்களில் அடிபட்டவை. முன்பாகம் முழுவதும் மாற்றப்பட்டவையும், உருண்டைப் பின்புறத்தை வெட்டுப் பின்புறமாக மாற்றிக்கொண்டவையும் அவற்றுள் உண்டு. ஆகவே தகடு பழையதா புதியதா என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

முதலில் பெறவேண்டியது, மிலானை அடுத்த அரேசேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவணக் காப்பகம் தரும் பிறப்புச் சான்று. சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) கொடுத்தால், வண்டி தயாரான நாள், விற்கப்பட்ட நாள், எந்த நகரத்துக்குச் சென்றது போன்ற விவரங்களை ஆலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். ஆனால் அந்தச் சான்று எண்ணுக்கு உரியதே தவிர, உங்கள் முன்னால் நிற்கும் இரும்புக்கு உரியதன்று. என்னிடம் விற்ற வணிகர் அந்த ஒரே தாளைக் காட்டி எல்லாம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிந்தைய வரலாறு எதையும் அவர் திரட்டியிருக்கவில்லை.

அந்த வரலாறு இருக்குமிடம் இத்தாலியின் பொது வாகனப் பதிவகம். 1927 முதல் இயங்கிவரும் இந்தப் பதிவகம், உரிமையாளர்களின் வரிசையை நாள்வாரியாகப் பதிந்து வைத்திருக்கிறது. நம் ஊரில் நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுப்பதுபோல இங்கே அந்தப் பதிவின் நகலைக் கேட்டுப் பெறலாம். ஒரு சிக்கல் என்னவென்றால், 1994இல் மாகாணக் குறி இல்லாத எண்பலகை முறை வரும்வரை, வண்டி ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்பலகையும் மாறியது. மிலானில் ஓடிய வண்டி போலோஞாவுக்குப் போனால் புதிய எண், புதிய ஏடு. ஒவ்வொரு ஏட்டின் முடிவிலும் அடுத்த எண் எது என்று தேடி, அந்த மாகாணத்துக்கு விண்ணப்பித்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்தொடர வேண்டும். பொறுமையைக் கேட்கும் இந்த வேலையைப் போல எனக்கு நிறைவளித்தது வேறில்லை. ஒவ்வொரு நகல் வரும்போதும், யாரோ ஒருவர் சில பருவங்கள் பந்தயம் ஓட்டிவிட்டு விற்றார், அடுத்தவர் அடகு வைத்தார், இன்னொருவரின் வாரிசுகள் கைமாற்றினார்கள் என்று வண்டியின் வாழ்க்கை துலங்கிக்கொண்டே வந்தது.

எண்பலகைகள் தெரிந்த பிறகுதான் பந்தய வரலாறும் பிடிபடுகிறது. அன்றைய முடிவுப் பட்டியல்களில் ஓட்டுநரின் பெயரும் பந்தய எண்ணும் இருக்கும், சேஸிஸ் எண் இருக்காது. புனைபெயரில் ஓட்டியவர்களும் நிறைய. ஆனால் இவை சாலையில் ஓட்டிக்கொண்டே பந்தயத்துக்குச் சென்ற வண்டிகள் என்பதால், மலைச்சாலையில் ஏறும் கார்ப் பந்தயங்களின் புகைப்படங்களில் எண்பலகை தெளிவாகத் தெரியும். படத்திலிருந்து எண்பலகைக்கும், எண்பலகையிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து சேஸிஸ் எண்ணுக்கும் போவதே சரியான வழி. இந்த வழியில் நிரூபிக்கப்படாத வெற்றிகளை விற்பனைக் குறிப்பில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் நான் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது உலோகம். எஞ்சின் அறையின் பின்சுவரில் 10126 என்ற வகை எண்ணோடு பொறிக்கப்பட்ட சேஸிஸ் எண்ணைப் பார்க்கும்போது, எழுத்துகளின் வடிவத்தையும் ஆழத்தையும் மட்டுமல்லாமல், அந்தச் சுவரைச் சுற்றியுள்ள வெல்டிங்கையும் பார்க்கவேண்டும். எண் பொறித்த துண்டை மட்டும் வெட்டி வேறு வண்டியில் பொருத்துவது அறியாத வித்தையன்று. கையால் தட்டிப் பொருத்திய பாடி என்பதால், எந்தக் கதவு எந்த வண்டிக்கு என்று அடையாளம் காணப் பாகங்களின் உட்புறத்தில் எண் இட்டிருப்பார்கள். என் வண்டியில் கதவிலும் பானட்டிலும் அந்த எண் ஒத்துப்போகிறது. மூக்குப் பகுதியில் பழைய சுத்தியல் தழும்புகளும் ஒட்டுத் தகடும் இருக்கின்றன.

பராமரிப்பில் நான் எடுத்த மிக முக்கியமான முடிவு, அந்த ஒட்டுத் தகட்டை மாற்றாமல் விட்டது. அலுமினியத் தகடு எஃகைத் தொடும் இடங்களில் அரிப்பு வரத்தான் செய்கிறது, பிளாஸ்டிக் பக்கக் கண்ணாடிகளில் கீறல் விழத்தான் செய்கிறது. அரிப்பை அந்தந்த இடத்தில் மட்டும் சரிசெய்து, பெயிண்ட்டின் பழைய அடுக்குகளைச் சுரண்டாமல், மாற்ற நேர்ந்த ஒவ்வொரு துண்டையும் பெயர்ச்சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முழுவதையும் கழற்றிப் பளபளப்பாக்கச் சொன்ன மெக்கானிக்குகள் உண்டு. அப்படிச் செய்திருந்தால் புகைப்படங்களோடு ஒப்பிட்டுக் காட்டக்கூடிய தடயங்களை இழந்திருப்பேன். ஓட்டுவதில் இதனால் எந்தக் குறையும் இல்லை; இரட்டை வெபர் கார்புரேட்டர்கள் ஒழுங்காக இருக்கும்வரை, மலைச்சாலையில் இந்த வண்டி தரும் இலகுத்தன்மைக்கு இன்றும் நான் ஈடு கண்டதில்லை.

விற்பனைக்கு வரும் எஸ்.இஸட். ஒன்றைப் பார்க்கப் போகிறவர் டார்ச் விளக்கும் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியும் எடுத்துச் செல்லட்டும். பின்சுவரின் எண்ணைப் படமெடுக்கவும், கதவின் உள்தகட்டைக் கழற்றிப் பார்க்கவும், பழைய எண்பலகை எண்களைக் குறித்துக்கொள்ளவும் விற்பவர் அனுமதிக்க மறுத்தால், விலை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.