ஃப்ராஸ்டின் இரண்டு வானங்கள்: எதைச் சுவரில் மாட்டுவது?

1846இல் லண்டனில் ஐசக் ஃப்ராஸ்ட் வானியல் நூல் ஒன்றை வெளியிட்டார். மகிள்டோனியன் என்ற சின்னஞ்சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். நியூட்டனின் வானத்தையும் வேதாகம வானத்தையும் தனித்தனிப் படங்களில் காட்டி, நியூட்டன் சொன்னது பொய் என்று நிறுவுவதே நோக்கம். அதிலுள்ள வண்ணப் படங்களை எண்ணெய் மையில் அச்சிட்டவர் ஜார்ஜ் பாக்ஸ்டர்.

நியூட்டனின் வானத்தைக் காட்டும் படத்தில் ஆழ்ந்த நீலத்தில் சூரியன்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி வளையம் வளையமாகக் கோள்பாதைகள், கோலப்புள்ளிகளைச் சுற்றி இழுத்த இழை போல. எதிரியின் கட்சியை இவ்வளவு அழகாக வரைந்து கொடுத்தவர் வேறு யாரும் உண்டா!

வேதாகமப் படத்தில் பூமி நடுவில் அசையாமல் இருக்கிறது, சூரியன்தான் சுற்றுகிறது. மகிள்டோனியன்களின் நம்பிக்கையில் சொர்க்கம் ஏறத்தாழ 6 மைல் உயரத்தில்தான். கடவுளுக்கும் ஆள் உயரம்தான். அடக்கமான, கைக்கெட்டும் வானம்.

அறிவியலில் போட்டியே இல்லை, நியூட்டன்தான். அழகிலும் அந்த நீலப் படத்துக்குத்தான் என் ஓட்டு. ஆனால் சுவரில் மாட்ட ஒன்றுதான் என்றால் வேதாகமப் படத்தை எடுப்பேன். நியூட்டன் வானம் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். வேதாகமப் படத்தின் வானத்தை நம்பியவர்களோ ஆள் சேர்க்கப் பிரசங்கம் செய்யாதவர்கள், மதுக்கடைகளில் கூடிப் பாடியவர்கள். அறியப்பட்ட கடைசி மகிள்டோனியன் 1979இல் இறந்துபோனார்.