முகவரி தெரியாது என்று சொல்லி விற்ற விபிஎன்: 539 யூரோ இழந்த கதை

இணையத்தில் இலவசமாகப் பாட்டு இறக்கியதற்காக வந்த கடிதத்தின் பேரில், முந்தாநாள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் வங்கிக் கணக்குக்கு 450 யூரோ அனுப்பினேன். அந்தக் கோபம் தணிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு, இணையத்தில் விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைத் தன் கணினிகள் வழியே அனுப்பி, நம் முகவரியை மறைக்கும் சேவை) விற்கும் ஒரு நிறுவனத்துக்கு மூன்றாண்டுச் சந்தாவாக 89 யூரோ கட்டியிருந்தேன். ஆக மொத்தம் 539 யூரோ. இப்படி ஒரு கடிதம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 89 யூரோவையே கொடுத்தேன் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

ஜெர்மனிக்கு வந்து இறங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே நண்பர்கள் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: டொரண்ட் பக்கம் போகாதே, ‘அப்மானுங்’ வரும். டொரண்ட் என்பது பயனர்கள் தங்களுக்குள்ளேயே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை; அப்மானுங் என்பது பணம் கேட்டு வழக்கறிஞர் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம். டொரண்டில் ஒரு பாடலை இறக்கும்போதே, கையில் வந்து சேர்ந்த துண்டுகளை நம் கணினி மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொண்டும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் ஐ.பி. முகவரியும், அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணும், மற்றவர்களுக்குத் தெரியும். பாடல்களின் உரிமையாளர்களுக்காக வேலை செய்யும் நிறுவனங்களும் அதே கூட்டத்தில் நுழைந்து முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கின்றன. பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 101ஆம் பிரிவின்கீழ் நீதிமன்ற ஆணை பெற்று, அந்த இணைப்பு யாருடையது என்பதை இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து தெரிந்துகொள்கின்றன. இவ்வளவும் தெரிந்திருந்தும் இறக்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பாட்டை இலவசமாக எடுத்தது என் தவறு. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய பொருளும் பொய்யாக இருந்தது.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் ஏறக்குறைய அரைமணி நேரம் கேள்வி கேட்டேன். டொரண்டுக்கும் இது பொருந்துமா, என் வீட்டு இணைப்பின் முகவரி எந்த வழியிலாவது வெளியே தெரியுமா என்று இரண்டு முறை கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சற்றும் தயங்காமல், கணினியிலிருந்து வெளியேறும் அனைத்தும் தங்கள் வழியாகவே செல்லும் என்றும், வீட்டு முகவரி யாருக்கும் தெரியாது என்றும் எழுதினார். பொறுமையாகப் பதில் சொன்ன அந்த விதத்திலேயே நம்பிவிட்டேன். அட்டை எண்ணைத் தட்டிவிட்டு, அன்றிரவே அந்த ஆண்டின் வெற்றிப் பாடல்கள் நூறு அடங்கிய தொகுப்பு ஒன்றை இறக்கினேன்.

கடிதம் தடித்த உறையில் வந்தது. நூறு பாடல்களில் ஒரே ஒரு பாடலுக்காக 450 யூரோ கேட்டிருந்தார்கள். அதில் அச்சிடப்பட்டிருந்த முகவரி, நான்கு எண்களாலான பழைய வகை அன்று. முக்காற்புள்ளிகளோடு நீளும் ஐபிவி6 வகை. அலுவலக நண்பர் ஒருவர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: அந்த விபிஎன் பழைய வகைப் போக்குவரத்தை மட்டுமே தன் சுரங்கப் பாதையில் அனுப்பியிருக்கிறது, புதிய வகை நேராக வீட்டு இணைப்பின் வழியாகவே வெளியே போயிருக்கிறது. கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

அதன்பிறகு நடந்ததுதான் இன்னும் அசிங்கம். முதலில், அது என் கணினியின் அமைப்பில் உள்ள சிக்கல் என்றார்கள். அடுத்த மின்னஞ்சலில், ஐபிவி6 வசதியைப் பயனரே அணைத்துவிட வேண்டும் என்று உதவிக் குறிப்புகளில் எங்கோ எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் எல்லாம் உங்கள் வழியாகவே செல்லும் என்று அரட்டையில் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக அரட்டைப் பதிவுகளைத் தாங்கள் சேமிப்பதில்லை என்று பதில் வந்தது. என் அந்தரங்கத்தின்மீது இவர்களுக்கு அக்கறை வந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்! 89 யூரோவையாவது திருப்பிக் கேட்டேன்; முப்பது நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்த மின்னஞ்சலின் அடியிலேயே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும் இருந்தது.

என் அவசரமும் சேர்ந்துகொண்டது. விசா புதுப்பிப்பு நெருங்குகிறதே என்ற பயத்தில், கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்த, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் அப்படியே கையெழுத்திட்டு, கேட்ட தொகையையும் முழுதாகக் கட்டிவிட்டேன். இது பணம் சார்ந்த உரிமையியல் விவகாரம் என்பதையும், அந்தப் படிவத்தைத் திருத்தி அனுப்ப வழி உண்டு என்பதையும், தனிநபருக்கு வரும் முதல் கடிதத்தில் வழக்கறிஞர் கட்டணப் பகுதிக்கு அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 97அ பிரிவு ஒரு வரம்பு வைத்திருக்கிறது என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இப்போது மனம் ஓடவில்லை. விற்பவரின் அரட்டையை அப்போதே படம்பிடித்து வையுங்கள். விபிஎன் வாங்கினால் ஐபிவி6 கசிகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள். கடிதம் வந்தால் கெடுவைத் தவறவிடாதீர்கள், ஆனால் கையெழுத்திடும் முன் உங்கள் மாநிலத்து நுகர்வோர் ஆலோசனை மையத்தில் காட்டுங்கள். டொரண்டையே தொடாதீர்கள் என்பதை இனி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்தத் தொகுப்பில் மீதி தொண்ணூற்றொன்பது பாடல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உரிமையாளர் ஒருவரே அல்லர். அதனால் 539 யூரோ என்பது இன்றைய கணக்கு மட்டுமே. மாலையில் தபால்பெட்டியைத் திறக்கும் வேலையை இரண்டு நாட்களாக மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள்.