மெயில் போன பிறகு: கோட்இக்னைட்டர், லாராவெல், சிம்ஃபோனியுடன் சில ஆண்டுகள்

பிஎச்பி நிரல்மொழியில் இணைய மென்பொருள் எழுத உதவும் சட்டகமான (ஃபிரேம்வொர்க்) லாராவெலில் மெயில் அமைப்பது பத்து நிமிட வேலை என்று எழுதுகிறவர்கள், முதல் மெயில் போய்ச் சேர்ந்த அன்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். நான் எழுதுவது அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றி. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் ஆர்டர், ஜாப் ஒர்க், பில் மென்பொருள் எழுதிக் கொடுத்து, கொடுத்ததைப் பராமரித்தும் வருகிறேன். பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்குப் போகும் ஆர்டர் உறுதி, பேக்கிங் லிஸ்ட், சாயப்பட்டறைக்குப் போகும் டெலிவரி சலான், அலுவலக ஊழியர்களின் சம்பளச் சீட்டு எல்லாம் மெயிலில்தான் புறப்படுகின்றன. வாரக் கூலிக்காரர்களை இதில் சேர்க்கவில்லை. சனிக்கிழமை கையில் பணம் வாங்குகிறவருக்கு மெயில் எதற்கு?

கோட்இக்னைட்டர் 3, லாராவெல், சிம்ஃபோனி ஆகிய மூன்று பிஎச்பி சட்டகங்களிலும் இந்த வேலையைச் செய்து பார்த்தாயிற்று. சர்வர் பெயர், போர்ட், கடவுச்சொல் கொடுத்து மெயிலை வெளியே தள்ளுவதில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு எல்லாம் மெயில் போன பிறகு தெரிகிறது. முதலாளி கைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, போய்விட்டது என்று இங்கே காட்டுகிறது. வரவில்லை என்கிறாரே பையர்" என்று கேட்கும்போது பதில் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? அதை வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

பிஎச்பியிலேயே இருக்கும் மெயில் ஃபங்ஷனை மட்டும் நம்பி ஓடும் பழைய நிரல்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய. அது "சரி" என்று சொன்னால், சர்வரில் உள்ள அனுப்பும் நிரல் மெயிலை வாங்கி வைத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நிரல் கைக்கு வந்தால் மறு யோசனை இல்லாமல் எஸ்எம்டிபிக்கு, அதாவது மெயில் சர்வரோடு நேராகப் பேசி அனுப்பும் முறைக்கு மாற்றிவிடுவது என் வழக்கம்.

கோட்இக்னைட்டர் 3 மலிவு ஹோஸ்டிங்கில் எதையும் கேட்காமல் ஓடும். எங்கள் ஊர்ச் சிறு நிறுவனங்களில் அது இன்னும் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஈமெயில் கான்ஃபிக் கோப்பு ஒன்றை நிரப்பினால் போதும். இரண்டு இடங்களில் மட்டும் கண் வைக்க வேண்டும். முதலாவது, வரி முடிவுக் குறி. முன்னிருப்பாக அது வெறும் லைன் ஃபீட்தான். மெயில் விதிமுறை கேட்பதோ கேரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் சேர்ந்த ஜோடி. அந்த ஜோடியை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் பிஎச்பி அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால்தான் வேலை நடக்கும். எஸ்எம்டிபி பதிலே சொல்லாமல் தொங்குகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் திறப்பது இந்த வரியைத்தான்.

இரண்டாவது விஷயம் ஆபத்தானது. மெயில் போனதும் கோட்இக்னைட்டர் 3 பெறுநர், தலைப்பு, உள்ளடக்கம் எல்லாவற்றையும் துடைத்துவிடும், இணைப்புகளை (அட்டாச்மென்ட்) மட்டும் துடைக்காது. ஒரு லூப்பில் இருபது பேருக்குச் சம்பளச் சீட்டு அனுப்பினால், இரண்டாமவருக்கு முதலாமவரின் சீட்டும் சேர்ந்து போகும். மூன்றாமவருக்கு இருவருடையதும். கடைசி ஆள் கம்பெனி முழுவதின் சம்பளத்தையும் தெரிந்துகொள்வார். இணைப்புகளையும் சேர்த்துத் துடைக்கச் சொல்லி கிளியர் ஃபங்ஷனுக்கு ஒரு "ட்ரூ" கொடுத்தால் தீர்ந்தது. பிறர் எழுதிய நிரலைப் பராமரிக்க எடுக்கிறவர்கள் வேறெதையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

லாராவெலுக்கு வந்தால் அழகுபடுத்துவது மிக எளிது. அதே எளிமையால் அரைகுறையாக விட்டுவிடுவதும் எளிது. ஒரு மெயிலை விவரிக்கும் மெயிலபிள் வகுப்பு ஒன்றை உருவாக்கி, மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் நான்கு வரி எழுதினால், பட்டனும் அட்டவணையுமாக மெயில் தயார். ஆனால் செயலியின் பெயரை அமைப்புகளை வைக்கும் என்வி கோப்பில் மாற்றாமல் விட்டால், முன்னிருப்பு டெம்ப்ளேட் தலைப்பில் லாராவெல் சின்னத்தையே போடும். கீழேயும் அதே பெயரில் நன்றி சொல்லும். நெசவாளர் படமும் கம்பெனி ஆரம்பித்த ஆண்டும் போட்டு லெட்டர்ஹெட் அச்சடிக்கிற ஊரில், பில் வேறு யாரோ சின்னத்துடன் போவதை நானே சில இடங்களில் பார்த்திருக்கிறேன். மெயில் டெம்ப்ளேட்டுகளை வெண்டர் பப்ளிஷ் கட்டளையால் நம் கோப்புறைக்குக் கொண்டுவந்துவிட்டால் தலைப்பு, அடிக்குறிப்பு, நிறம் அனைத்தும் நம் கைக்குள். மார்க்டவுனில் வரியின் தொடக்கத்தில் இடம் விட்டு அழகாக அடுக்குகிற பழக்கம் உள்ளவர்கள் அதை இங்கே கைவிட வேண்டும். நான்கு இடைவெளி விட்டால் அந்த வரி நிரல் துண்டாக மாறிச் சாம்பல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பனியன் ஆர்டருக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்டர் உறுதி மெயிலில் நிறம் வாரியாக, சைஸ் வாரியாக ஒரு பிரேக்அப் அட்டவணை இருக்கும். அறுபது வரி, ஒன்பது பத்தி என்றால் 540 கட்டங்கள். மெயில் படிக்கும் செயலிகள் தோற்ற விதிகளைச் சொல்லும் தனி சிஎஸ்எஸ் பகுதியைச் சரியாக மதிப்பதில்லை என்பதால், லாராவெல் அதை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பிரதியெடுத்து ஒட்டுகிறது. முன்னிருப்பு தீமில் எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும் ஒரு விதி, நீண்ட எழுத்துருப் பட்டியலோடு இருக்கிறது. அது ஒன்றே கட்டத்துக்கு ஏறத்தாழ 200 எழுத்தைச் சேர்த்துவிடும். 540 கட்டத்துக்குக் கணக்குப் போட்டால் நூறு கிலோபைட்டைத் தொட்டுவிடுகிறது. ஜிமெயிலோ 102 கிலோபைட்டைத் தாண்டிய மெயிலை அந்த இடத்தோடு வெட்டி, முழுவதையும் பார்க்க ஒரு லிங்கைக் காட்டும். வெட்டுப்படுவது எப்போதும் அடிப்பகுதிதான். மொத்த பீஸ் எண்ணிக்கை இருப்பதும் அங்கேதான். ஆகவே நான் அந்தப் பொது விதியைத் தீமிலிருந்து எடுத்துவிட்டு, எழுத்துருவை அட்டவணைக்கு ஒரு முறை மட்டும் கொடுக்கிறேன். மொத்த எண்ணிக்கையை அட்டவணைக்கு மேலே ஏற்றிவிட்டேன். பெரிய பிரேக்அப் என்றால் பிடிஎஃப் இணைப்பாகவே போகும்.

ஐரோப்பியப் பையர்கள் பலர் விண்டோஸின் கிளாசிக் அவுட்லுக்கில் படிக்கிறார்கள். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது வேர்டின் இயந்திரத்தை வைத்தே மெயிலைக் காட்டி வந்திருக்கிறது. அதனால் ஃப்ளெக்ஸ், கிரிட் போன்ற புதிய அடுக்கு முறைகள் எதுவும் அங்கே பலிக்காது. பழைய பாணி அட்டவணைதான் கைகொடுக்கும். லோகோவை எஸ்விஜியாகவோ, எழுத்தாக மாற்றிய பேஸ்64 சரமாகவோ உள்ளே வைத்தால் ஜிமெயில் காட்டாது. பிஎன்ஜியை எம்பெட் ஃபங்ஷன் வழியாக இணைத்து அனுப்புங்கள்.

தமிழில் அனுப்புவதற்கு லாராவெலின் லோகேல் வசதியை மனமாரப் பாராட்டலாம். பெறுநருக்குத் தமிழ் என்று குறித்துவிட்டால் அவருக்கு மட்டும் தமிழ் வார்ப்பு போகும். பையருக்கு ஆங்கிலம் அப்படியே. கடவுச்சொல் மாற்றும் மெயிலின் வாக்கியங்களையும் மொழிக் கோப்பில் எழுதிவிடலாம். மெயிலின் தலைப்பு வரியில் (சப்ஜெக்ட்) தமிழ் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் உள் விவரம் தெரிந்திருக்க வேண்டும். மெயில் தலைப்பில் ஆங்கிலமல்லாத எழுத்துகள் குறியீடாக மாற்றப்பட்டு, 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாகப் போகின்றன. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பேஸ்64 முறையில் ஒரு துண்டுக்குப் பதினைந்து தமிழ்க் குறிகள் அடங்கும்; மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. "சம்பளச் சீட்டு" ஒரு துண்டில் முடிந்துவிடும். முன்னால் "மார்ச் மாதச்" என்று சேர்த்தால் இரண்டாகிவிடும். சிம்ஃபோனி, லாராவெல் இரண்டும் எழுத்தை நடுவில் பிளக்காமல் துண்டாக்குகின்றன. கையால் பைட் எண்ணி வெட்டும் பழைய நிரல்களில்தான் தலைப்பின் நடுவே கேள்விக்குறிகள் முளைக்கும். பிடிஎஃப் இணைப்பில் தமிழ் வேண்டுமென்றால் பிடிஎஃப் உருவாக்கும் நூலகங்களில் டாம்பிடிஎஃப் வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எம்பிடிஎஃப்பில் ஓப்பன்டைப் வசதியை இயக்கிவிட்டு அச்செடுத்தால் எழுத்து ஒழுங்காக விழுகிறது.

இனி அனுப்புநர் முகவரி. வாடிக்கையாளர்களோடு நான் அதிகம் வாதாடியது இதற்காகத்தான். முதலாளிகளுக்குத் தங்கள் பழைய ஜிமெயில் முகவரிமேல் ஒரு பாசம். பில் அதிலிருந்தே போக வேண்டும் என்பார்கள். 2022 மே 30க்குப் பிறகு தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை வைத்து வெளி நிரல்கள் நுழைய கூகுள் விடுவதில்லை. இரட்டைச் சரிபார்ப்பு வைத்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்தாக வேண்டும். எடுத்தாலும் நாளுக்கு 500 என்ற வரம்பு உண்டு. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், நம் சர்வரிலிருந்து அனுப்பி அனுப்புநர் இடத்தில் மட்டும் ஜிமெயிலைப் போடச் சொல்வார்கள். அது அடுத்தவர் தோட்டத்துக் கிணற்றில் நம் பெயரில் மோட்டார் வைப்பது போலத்தான். பெறுகிற சர்வர் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை என்ற பதிவு), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டையும் பார்த்து, டொமைன் பொருந்தவில்லை என்று ஸ்பேமில் தள்ளும்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: அனுப்புநர் எப்போதும் கம்பெனியின் சொந்த டொமைன், பதில் முகவரியில் அந்த ஆர்டரைப் பார்க்கும் மெர்ச்சன்டைசர். பையர் பதில் போட்டால், "அம்மணி, அந்த ஆர்டர் என்னாயிற்று?" என்று முதலாளி கேட்கிற அந்தப் பெண்ணுக்கே நேராகப் போய்விடும். லாராவெலில் மெயிலபிளின் என்வலப் பகுதியில் இது ஒரு வரி. டொமைனில் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே பிழையில் முடியும். ஹோஸ்டிங்காரர் ஒன்று, மெயில் சேவைக்காரர் ஒன்று என்று ஆளுக்கொன்று சேர்த்து வைத்திருப்பார்கள். அதற்குள் வரும் டிஎன்எஸ் தேடல்களும் பத்தைத் தாண்டக் கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து நாளுக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், அவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மூன்றையும் கூகுள் கேட்கிறது. எங்கள் வாடிக்கையாளர் எவரும் அந்த அளவைத் தொடப்போவதில்லை. இருந்தாலும் மூன்றையும் வைத்துவிடுகிறேன். ஒரு பிற்பகல் வேலை அது.

லாராவெல் 9, 2022 பிப்ரவரியில் வந்தபோது ஸ்விஃப்ட்மெயிலர் என்ற பழைய அனுப்பும் நூலகத்தை விட்டு சிம்ஃபோனி மெயிலருக்கு மாறியது. ஆகவே இன்று இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே இயந்திரம். இந்த மாற்றத்தோடு, மெயில் அனுப்ப முடியாமல் போன முகவரிகளைக் கேட்டு வாங்கும் பழைய ஃபெயிலியர்ஸ் ஃபங்ஷன் போய், பிழை வந்தால் எக்செப்ஷன் எறியும் முறை வந்தது. எனக்கு இதுவே நல்லதாகப் படுகிறது. யாரும் கேட்காமலே கத்துகிறது. பாதுகாப்பான தொடர்புக்கான டிஎல்எஸ் சான்றிதழில் பெயர் பொருந்தாவிட்டால் சர்வரோடு தொடர்பே ஏற்படாது. பகிர்வு ஹோஸ்டிங்கில் சான்றிதழ் சர்வரின் பெயரில் இருக்கும். நாம் நம் டொமைன் பெயரைப் போட்டு முட்டுவோம். சரிபார்ப்பை அணைத்துவிடுங்கள் என்று இணையம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். தேவையில்லை, ஹோஸ்ட் இடத்தில் சர்வரின் உண்மையான பெயரைக் கொடுத்தால் போதும்.

சிம்ஃபோனியைத் தனியாகப் பயன்படுத்துகையில் சர்வர், பெயர், கடவுச்சொல் என எல்லா அமைப்பும் டிஎஸ்என் எனப்படும் ஒரே வரிக்குள் அடங்கும். கடவுச்சொல்லில் அட் குறி இருந்தால் அதை %40 என்று மாற்றி எழுத வேண்டும். பின்னணி வேலைகளைக் கவனிக்கும் மெசஞ்சர் பகுதியும் நிறுவியிருந்தால், மெயில்கள் பின்னணி வரிசைக்குப் போகும்படி முன்னிருப்பு அமைப்பே வழிசெய்து வைத்திருக்கும். வரிசையிலிருந்து எடுத்து அனுப்பும் வொர்க்கர் நிரல் ஓடாவிட்டால் பிழையும் வராது, மெயிலும் போகாது. எல்லாம் டேட்டாபேஸ் அட்டவணையில் வரிசை கட்டி நிற்கும்.

லாராவெலின் பின்னணி வரிசையான க்யூவிலும் இதே கதைதான். என்வி கோப்பை மாற்றியபின் கான்ஃபிக் கேஷைப் புதுப்பிக்க வேண்டும். வொர்க்கரையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது பழைய கடவுச்சொல்லைப் பிடித்துக்கொண்டே ஓடும். எப்போதும் ஓடும் நிரலுக்கு இடம் தராத மலிவு ஹோஸ்டிங்கில், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் வழியே நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையைக் காலி செய்து நிற்கும்படி அமைத்திருக்கிறேன். ஒரு நிமிடத் தாமதத்தை எந்தப் பையரும் கவனித்ததில்லை.

மெயில் போய்ச் சேர்ந்ததா என்ற முதலாளியின் அந்தக் கேள்விக்கு, அதிகம் எழுதாமலே முழுப் பதில் தருவது லாராவெல் மட்டும்தான் என்பேன். மெயில் போனதும் எழும் மெசேஜ் சென்ட் நிகழ்விலிருந்து மெயில் எண்ணை எடுத்து, எந்த பில், எந்த முகவரி, எத்தனை மணி என்பதோடு ஓர் அட்டவணையில் எழுதிவிடுகிறேன். அமேசான் எஸ்இஎஸ் போன்ற மெயில் அனுப்பும் சேவைகள் மெயில் திரும்பி வந்த செய்தியை அதே எண்ணோடு அனுப்பும். அந்த வரிக்கு எதிரே சிவப்பாகக் காட்டினால் ஆயிற்று. எஸ்இஎஸ்ஸுக்கு மும்பையிலேயே மையம் உண்டு. ஆனால் புதுக் கணக்குக்குச் சோதனைக் கட்டத்தில் நாளுக்கு 200 மெயில்தான், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும்; வாடிக்கையாளரிடம் தேதி சொல்வதற்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள். சிம்ஃபோனியிலும் இதைச் செய்யலாம், கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். கோட்இக்னைட்டர் 3இல் கையிலிருப்பது பிரின்ட் டிபக்கர் தரும் எஸ்எம்டிபி உரையாடல் மட்டும். சர்வர் வாங்கிக்கொண்டதா என்பதை அது காட்டும். அதற்குப் பிறகு நடப்பதைத் தெரிந்துகொள்ள ஹோஸ்டிங்காரரைத்தான் கேட்க வேண்டும்.

சோதனைக்கு மெயில்பிட் நன்றாக இருக்கிறது. 1025 போர்ட்டில் மெயிலை வாங்கி, 8025இல் உலாவியில் காட்டும். வெளியே ஒன்றும் போகாது.

புதிய வேலை எதுவானாலும் இப்போது லாராவெலில்தான் எடுக்கிறேன். கரூரில் ஒரு வாடிக்கையாளர் கோட்இக்னைட்டர் 3ஐ விடுவதாக இல்லை. அவருடைய மென்பொருளில் பதில் முகவரியைச் சேர்த்து, இணைப்பைத் துடைக்கும் வரியைப் போட்டு, அனுப்பிய விவரத்தை எழுதும் சிறிய அட்டவணை ஒன்றையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பிஎச்பி பதிப்பை ஹோஸ்டிங்காரர் கட்டாயமாக உயர்த்தும் நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.