நம்பையின் வடிவப் பிழைச் செய்திகள்: ஒரு பயனரின் மதிப்பீடு

பைத்தான் நிரல்மொழியில் எண் கணக்கீடுகளுக்கு நம்பை (NumPy) நூலகத்தை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற முறையில், அணிகளின் (எண் அடுக்குகளின்) வடிவம், அதாவது ஒவ்வொரு பரிமாணத்தின் அளவு, பொருந்தாதபோது அது தரும் செய்திகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 3 வரிசையும் 4 நெடுவரிசையும் உள்ள (3,4) வடிவ அணியுடன், ஒற்றைப் பரிமாணத்தில் 3 எண்கள் மட்டும் உள்ள (3,) வடிவ அணியைக் கூட்டினால், இரு வடிவங்களையும் அச்சிட்டுவிட்டு நிரல் நின்றுவிடுகிறது. பரிமாணங்கள் கடைசியிலிருந்து ஒப்பிடப்படும், அவை சமமாகவோ ஏதேனும் ஒன்று 1 ஆகவோ இருக்க வேண்டும் என்ற பிராட்காஸ்டிங் விதியை (1 ஆக உள்ள பரிமாணம் மற்றதன் அளவுக்கு நீட்டப்படும்) அறிந்தவருக்கு 4-உம் 3-உம் மோதுவது உடனே புலப்படும். அணிப் பெருக்கலுக்கான செய்தியோ குறியீடுகள் மண்டி, புதியவரை மிரட்டுகிறது; அதன் கடைசி அடைப்புக்குறிக்குள் உள்ள, மோதும் இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும்.

என் உண்மையான மனக்குறை, செய்தியே வராத இடத்தில்தான். (100,) வடிவச் சரியான விடைகளிலிருந்து, ஒரு கணிப்பு மாதிரி தந்த (100,1) வடிவக் கணிப்புகளைக் கழித்தபோது, 100 வித்தியாசங்களுக்குப் பதிலாக அதே விதிப்படி 10,000 எண்கள் கொண்ட (100,100) அணி சத்தமின்றி உருவாகி, சராசரிப் பிழையும் நம்பத்தக்க எண்ணாகவே வந்ததால், ஒரு மாலை முழுவதும் மாதிரியைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கணிப்பை ரேவல் (ravel) என்ற செயற்கூறு கொண்டு ஒற்றைப் பரிமாணமாக்கி, இரு வடிவங்களும் ஒன்றுதானா என்று சோதித்து, இல்லையென்றால் நிரலை நிறுத்தும் அசர்ட் (assert) வரியை எழுதிய பிறகே கழிக்கிறேன்.