பழசா, பிரபலமா, புதுசா: சேகரிக்க நினைப்பவர் எதில் கை வைக்கலாம்?

அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது. கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. எதையாவது சேகரிக்கலாம் என்ற ஆசை வந்துவிட்டது. என்ன வாங்குவது?

இப்படிக் கேட்கிறவர்களில் பலர் மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். நூற்றைம்பது வருடத்து மரப்பெட்டி ஒன்று, பிரபல ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்று, போன மாதம் ஒரு கைவினைஞர் வனைந்த மண்ஜாடி ஒன்று. மூன்றுமே கண்ணாடிக்குள் அழகாகத்தான் நிற்கும். ஆனால் வாங்கும்போது நாம் எதை நம்பிக் காசைக் கொடுக்கிறோம் என்று பார்த்தால் மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. பழம்பொருளுக்கு அதன் உடம்பே சாட்சி. நினைவுப் பொருளுக்குக் கூடவே வரும் கதையும் காகிதமும்தான் சாட்சி. புதிய கைவினைப் பொருளுக்குச் சாட்சி அதைச் செய்த ஆள். பெரும்பாலும் அவர் உயிரோடு இருப்பார், போய்க் கேட்கலாம். இதில் எந்தச் சாட்சியை விசாரிக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதோ, அதை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பழம்பொருள் என்றால் நூறு வயது என்று பரவலாகச் சொல்கிறார்கள். இது ஏதோ அழகியல் கோட்பாடு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சுங்க வரி எழுதியவர்கள் போட்ட கோடுதான் இது. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1830க்கு முன் செய்தவற்றைத்தான் பழம்பொருளாக ஏற்றது. 1966இல்தான் அதை நூறு வருடம் என்று மாற்றினார்கள். நினைவுப் பொருளுக்கு வயதுக் கணக்கே கிடையாது. நேற்றைய ஆட்டத்தின் சட்டைக்கு இன்றே ஏலம் நடக்கலாம். கைவினைப் பொருளிலோ பொருள் புதுசாக இருந்தாலும் கைப்பழக்கம் மிகப் பழசு. ஜப்பானில் இசே கோயில்களை இருபது வருடத்துக்கு ஒருமுறை அடியோடு புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது 62ஆவது முறை. மரம் புதுசு, தச்சு வேலை ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழசு. இதைப் பழசு என்பீர்களா, புதுசு என்பீர்களா?

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம்.

போலியை எப்படிப் பிடிப்பது?

இந்த ஒரு கேள்வியில் பழம்பொருள்தான் எனக்குப் பிடித்தமானது. காரணம், பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே நிறையக் கண்டுபிடிக்கலாம். வட்ட மேசை ஒன்றை உங்களிடம் மிகப் பழையது என்று விற்க வருகிறார்கள் என்று வையுங்கள். பலகையின் விட்டத்தை இரண்டு விதமாக அளந்து பாருங்கள்: மரத்தின் நார் ஓடும் திசையில் ஒருமுறை, அதற்குக் குறுக்கே ஒருமுறை. மரம் காலப்போக்கில் நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும், நெடுக்கே அநேகமாகச் சுருங்காது. ஆகவே உண்மையிலேயே வயதான வட்ட மேசை இன்றைக்குச் சரியான வட்டமாக இருக்காது. அப்புறம் மேசையைக் கவிழ்த்துங்கள். அடிப்பலகையில் வில் வில்லாக வளைந்த ரம்பக் கோடுகள் இருந்தால் அது வட்ட ரம்பத்தில் அறுத்தது. அது பட்டறைகளில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்க்க விட்டார்கள் என்றால் இன்னும் நல்லது. கூர்முனை உள்ள திருகாணிகள் 1840களுக்குப் பிறகு பெருகியவை. அதற்கு முந்தியவை மொட்டை முனை. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி என்றால் 1930களுக்கு முன்னால் போகவே முடியாது. பிற்காலத்தில் பழுது பார்த்தபோது மாட்டியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படியென்றால் முன்பு இருந்த பழைய திருகாணியின் தடத்தை மரம் காட்ட வேண்டும்.

கம்பளத்தில் சாயம் இதே வேலையைச் செய்யும். 1856இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியா மருந்தான குவினைனைச் செய்யப் போய், தவறுதலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் செயற்கைச் சாயங்களின் காலம் தொடங்குகிறது. அதற்கு முன் சிவப்பு என்றால் மஞ்சிட்டி வேர் போன்றவை, நீலம் என்றால் அவுரி. 1800இல் நெய்ததாகச் சொல்லும் கம்பளத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. எல்லாப் பகுதியும் பழசாக இருந்தும் பொருள் போலியாக இருக்கலாம். ஓர் அலமாரியின் கீழ்ப்பாதியையும் வேறோர் அலமாரியின் மேல்பாதியையும் சேர்த்து ஒன்றாக்கி விற்பார்கள். ஆங்கிலத்தில் இந்தத் தொழில்காரர்கள் இதைக் 'கல்யாணம்' என்றே சொல்கிறார்கள். ஜாதகம் பொருந்துகிறதா என்று பின்பக்கப் பலகையின் நிறத்தையும், இழைப்புளித் தடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு.

இப்போது கையெழுத்துப் பந்தை எடுங்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும்? மை கொஞ்சம் சொல்லும். பந்துமுனைப் பேனா 1940களில்தான் சந்தைக்கு வந்தது, ஆகவே 1930இல் அதில் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. காகிதமும் கொஞ்சம் சொல்லும். 1950 வாக்கிலிருந்து காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். புற ஊதா விளக்கில் அது நீலமாகப் பளிச்சிடும். 1950க்குச் சற்று முன்பான கடிதம் அப்படிப் பளிச்சிட்டால் யோசிக்கலாம், நூறு வருடத்துக்கு முன்பானது பளிச்சிட்டால் யோசிக்கவே வேண்டாம், போலிதான். ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் 'இது பொய்' என்று சொல்ல மட்டுமே உதவும். 'இது நிஜம்' என்று சொல்ல உதவாது. சரியான காலத்துப் பேனாவால், சரியான காலத்துப் பந்தில், வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தால் பொருளுக்கு அது தெரியவா போகிறது?

1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. கையெழுத்து மோசடிக் கும்பல்களை 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் வளைத்துப் பிடித்தது. கைப்பற்றியவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பால் பந்தும் இருந்தது. சிரிப்புதான் வருகிறது. ஆனால் அந்தக் கும்பல்களின் சரக்குக்குச் சான்றிதழும் இணைத்தே கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்தை எழுதத் தெரிந்தவருக்குச் சான்றிதழை அச்சடிக்கத் தெரியாதா?

நிபுணர்களை நம்பலாமே என்றால், அங்கேயும் கதை உண்டு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த பேஸ்பால் அட்டைகளில் ஹோனஸ் வாக்னரின் அட்டை உலகப் புகழ்பெற்றது. அதில் ஒரு பிரதி, தரம் பிரிக்கும் நிறுவனம் ஒன்றிடம் போய் 10க்கு 8 வாங்கி, விலையில் ஏறிக்கொண்டே போனது. ஓரம் வெட்டிச் சீராக்கிய அட்டை அது என்று அதைக் கைமாற்றிய ஏலக்காரரே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

நல்ல ஆவணம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கால்பந்து வீரர் மரடோனாவின் சட்டையைச் சொல்லலாம். 1986 ஜூன் 22, உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதி. மரடோனா கையால் தட்டிய 'கடவுளின் கை' கோல் விழுந்த ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அவரோடு சட்டை மாற்றிக்கொண்டார். பல வருடம் அது அருங்காட்சியகத்தில் இருந்தது. 2022இல் சதபீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அன்று சட்டையைக் கொடுத்தவர் யார், வாங்கினவர் யார், இடையில் எங்கே இருந்தது, எல்லாம் தெரியும். அப்படியும் மரடோனாவின் மகள், அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தபோது போட்டிருந்தது அல்ல என்று கிளப்பிவிட்டார். துணியின் விவரங்களைப் பழைய புகைப்படங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டித்தான் ஏல நிறுவனம் பதில் சொன்னது. இத்தனை வெளிச்சத்தில் இருந்த சட்டைக்கே இந்தப் பாடு என்றால், நமக்குக் கிடைக்கிற பந்தின் கதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைவினைப் பொருளில் ஆபத்து வேறு மாதிரி: மெஷின் செய்ததைக் கைவேலை என்று விற்பது. இதைப் பிடிப்பது ஓரளவு சுலபம். கம்பளத்தைப் புரட்டுங்கள், கையால் முடிச்சிட்டதில் முன்பக்கச் சித்திரம் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும், ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். மெஷின் கம்பளத்தில் பெரும்பாலும் குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருப்பார்கள். மண்ஜாடிக்குள் விரலை விட்டுத் தடவினால் சக்கரத்தில் வனைந்ததில் வளையம் வளையமாக விரல் தடம் தட்டுப்படும். அச்சில் ஊற்றியதில் மெல்லிய இணைப்புக் கோடு தென்படலாம். இன்னும் எளிய வழி, ஒரே வகையில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருந்தால் கை வைத்தவர் யாரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தவரிடமே 'இந்த வளைவை எப்படி எடுத்தீர்கள்?' என்று கேட்கலாம். அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்.

வைத்துக் காப்பாற்றுவது

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். சேகரிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு பழைய வெண்கலக் கிண்ணம் கிடைத்தது. மேலே பழுப்பும் பச்சையுமாக மெல்லிய படலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பாலிஷ் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்ததை விட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் தேய்த்து எடுத்தது அழுக்கு அல்ல, அதன் வயது. ஆனால் எல்லாப் பச்சையும் வைத்துக் கொள்ளத்தக்கது அல்ல என்பதும் பிறகுதான் தெரிந்தது. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த களிம்பு உலோகத்துக்குக் காப்பு. வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது நோய். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்கின்றன. அப்படி ஒன்று வந்தால் உலர்ந்த இடத்தில் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்ட வேண்டியதுதான்.

மரத்துக்கு எதிரி வண்டு. அடியில் புதிதாக மரத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். துணிக்கும் சிறிய மரப்பொருளுக்கும் அருங்காட்சியகங்களில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் உறைய வைக்கிறார்கள். மருந்து அடிப்பதை விட இது மேல்.

நினைவுப் பொருட்கள் பார்க்க எளிமை, வைத்துக்கொள்ளப் படுத்தல். மார்க்கர் கையெழுத்து வெயிலில் வெளுத்துப் போகும். பிவிசி உறையில் போட்ட நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். பழைய அசிட்டேட் படச்சுருள் வினிகர் நாற்றம் அடித்துக்கொண்டே சுருங்கும். நான் நேரில் போய்ப் பார்த்த ஒரு பெரிய ஆட்டத்தின் டிக்கெட் என்னிடம் இருக்கிறது. வெப்பத் தாளில் அச்சிட்டது. இன்றைக்கு அதில் ஓர் எழுத்து கூட இல்லை, வெறும் சாம்பல் நிறத் துண்டு. புதிய கைவினைப் பொருளுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. உபயோகிக்கலாம், உடைந்தால் செய்தவரிடமே கொடுத்துச் சரி செய்யலாம்.

திரும்ப விற்பது, சட்டம்

லாபத்துக்காக வாங்குகிறவர்களிடம் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றிலும் அதை எதிர்பார்க்க முடியாது. ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளில் கனமான பழைய மர நாற்காலி, அலமாரிகளின் விலை 2000க்குப் பிறகு சரிந்தது. சின்ன வீடுகளில் அவற்றை வைக்க யாருக்கு இடம்? நினைவுப் பொருளின் விலை ஆளின் புகழோடு ஏறும், புகழோடு இறங்கும். 1990களில் பீனி பேபீஸ் பொம்மைகளை எதிர்காலச் சொத்து என்று வாங்கிக் குவித்தார்கள். 1999இல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு தம்பதி நீதிமன்றத் தரையில் உட்கார்ந்து பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டது. கொஞ்ச காலத்தில் அவை வெறும் பொம்மைகளாகிவிட்டன. கைவினைப் பொருளை உடனே விற்கப் போனால் கொடுத்த விலை கிடைக்காது. செய்தவர் பெயர் பொருளோடு இருந்தால் மட்டும் பின்னால் நிலைமை மாறலாம். ஜப்பானியக் குயவர்கள் பாத்திரத்தை வைக்கும் மரப்பெட்டியின் மேல் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள்; பெட்டி தொலைந்தால் உள்ளே இருக்கும் கோப்பையின் மதிப்பும் விழும்.

சட்டச் சிக்கல் அதிகம் பழம்பொருளுக்குத்தான். கோயில், கல்லறை, அகழ்வு இடங்களிலிருந்து திருடியவை சந்தையில் சுற்றுகின்றன. அவற்றைத் தடுக்கவே 1970இல் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது. அதற்கு முன்பே நாட்டை விட்டு வெளியே வந்தது என்று காட்டும் காகிதம் இல்லாத சிலையை நான் தொடமாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும். தந்தம், ஆமை ஓடு, ரோஸ்வுட் பதித்தவற்றை எல்லை தாண்டி எடுத்துப் போக, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் விதிகள் குறுக்கே நிற்கும். ஆட்டோகிராபுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் வேறு கூத்து உண்டு: 2005இல் ஒரு முடிதிருத்துபவர் நீல் ஆம்ஸ்ட்ராங்கின் வெட்டிய முடியைச் சேகரிப்பாளருக்கு விற்க, ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போடுவேன் என்று மிரட்ட வேண்டியதாயிற்று.

அப்போ எதை வாங்குவது?

புதிதாக ஆரம்பிக்கிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைவினைப் பொருள் என்பேன். இரண்டு மூன்று வருடம் கையால் செய்தவற்றைத் தொட்டுத் தடவிப் பழகினால், உளித் தடம் எப்படி இருக்கும், வனைந்த மண்ணுக்கு என்ன கனம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த விரலோடு போய்ப் பழம்பொருளைத் தொடுங்கள், ஏமாற்றுவது கஷ்டம். மாறாகப் பழம்பொருளில் நேரே குதிப்பவர்கள், என்னைப் போல, முதல் சில பொருட்களைக் கல்விக் கட்டணமாகக் கொடுத்துத்தான் தேறுகிறார்கள்.

நினைவுப் பொருளைக் கடைசியில் வைக்கிறேன். பிரபலத்தின் பொருளாக இல்லாமல், நீங்களே அங்கே இருந்து, நீங்களே வாங்கியதாக இருந்தால் மட்டும் முதலிடம். அப்போது கைமாறிய வரலாறு எதையும் தேட வேண்டாம், நீங்கள்தான் அந்த வரலாறு. எழுத்தெல்லாம் மறைந்துபோன என் டிக்கெட்டை யாரும் ஒரு காசுக்கு வாங்கமாட்டார்கள். பின்பக்கம் பென்சிலால் தேதியையும் இருக்கை எண்ணையும் எழுதி, அமிலமில்லாத உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.