பழைய கணினியில் லினக்ஸ்: தாராவி படிப்பகத்து அனுபவம்

பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த டிஸ்ட்ரோ நல்லது?" என்றுதான். லினக்ஸ் பல வகைகளில் கிடைக்கிறது; ஒவ்வொரு வகையும் ஒரு டிஸ்ட்ரோ. தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு மாலைப் படிப்பகத்தின் கணினிகளைச் சில வருடங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். கையில் இருக்கும் மெஷின் எப்படி பூட் ஆகிறது, அதாவது ஆன் செய்ததும் எப்படி எழுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மெஷினில் லினக்ஸ் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் அப்புறம் வருடக்கணக்கில் தொந்தரவு தருவதில்லை. எழுப்புவதில்தான் பாடு.

எங்களுக்கு வருபவை பெரும்பாலும் ஆபீஸ்களில் கழித்துவிட்டவை. மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் சொல்லி அனுப்புவார்கள், போய் எடுத்து வருவோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இப்படி வருவது கூடியிருக்கிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். அதனால் ஒரு குறையும் இல்லாத மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்கள் காயலான் கடைக்குப் போகின்றன. ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புவரை படிக்கத் தேவையான எல்லாம் அதில் ஓடும். அதைத் தூக்கிப் போடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

டெஸ்க்டாப்புகளிலேயே பழசான கோர் 2 டுவோ மெஷின்கள்தான் பூட் விஷயத்தில் சுலபம். பழைய பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) செய்வது ஒரே வேலை: வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து அதில் இருக்கும் நிரலை ஓட்டும். என்ன பெயர், யார் எழுதியது என்றெல்லாம் கேட்காது. பென்டிரைவிலிருந்து பூட் செய்யும்போது மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பல பழைய பயாஸ்கள் பென்டிரைவைத் தனி வகையாகக் காட்டாமல் இன்னொரு ஹார்ட் டிஸ்காகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். பூட் வரிசையில் தேடினால் கிடைக்காது. ஹார்ட் டிஸ்க் முன்னுரிமைப் பட்டியலுக்குள் போய் அதை மேலே கொண்டுவர வேண்டும். யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகவே தெரியாத பயாஸாக இருந்தால், பிளாப் பூட் மேனேஜர் என்ற சிறு நிரலை சிடியில் எழுதிப் போட்டு, அதன் வழியாகப் பென்டிரைவை எழுப்பலாம்.

பென்டிரைவைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. மும்பை ஈரக்காற்றில் ராம் பின்கள் மேல் படலம் பிடித்து, மெஷின் பீப் அடித்தே நின்றுவிடும். ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்காலம் முடிந்ததும் இதை எல்லா மெஷினுக்கும் செய்துவிடுகிறேன். அடுத்தது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காது. பிள்ளைகள் "அண்ணே, நெட் வரல" என்று வந்து நிற்பார்கள். அப்போது நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

சிக்கலெல்லாம் 2011, 2012 வாக்கில் வந்த முதல் யுஇஎஃப்ஐ மெஷின்களில்தான். பயாஸுக்குப் பதிலாக வந்ததுதான் யுஇஎஃப்ஐ. யுஇஎஃப்ஐ வட்டின் முதல் பகுதியைப் பார்ப்பதில்லை. ஃபேட்32 வடிவில் இருக்கும் ஒரு சிறு பார்ட்டிஷனுக்குள் (வட்டின் ஒரு பிரிவுக்குள்) போய்ப் பூட் கோப்பைத் தேடுகிறது. எந்தக் கோப்பு என்ற குறிப்பை மதர்போர்டின் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் இன்ஸ்டால் ஆகும்போது தன் பெயரை அங்கே பதிந்துவிட்டுப் போகும். முறைப்படி அது போதும். ஆனால் எங்களுக்கு வந்த ஒரு ரக லேப்டாப்பில், அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்தக் குறிப்பே இருக்காது. விண்டோஸின் பூட் கோப்பு எந்தப் பாதையில் இருக்குமோ அதை மட்டும் அந்த ஃபர்ம்வேர் (மதர்போர்டில் இருக்கும் அந்த யுஇஎஃப்ஐ நிரல்) தேடும். இல்லையென்றால், பூட் செய்ய எதுவும் இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நிற்கும். உள்ளே லினக்ஸ் முழுசாக, ஒழுங்காக இருக்கிறது. பத்து தடவை மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் இது தீராது.

தீர்வு சின்னதுதான். பென்டிரைவ் போன்ற கழற்றும் வட்டுகளுக்கென்று யுஇஎஃப்ஐ விதியிலேயே ஒரு பொதுப் பாதை உண்டு: இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. நினைவகத்தில் எந்தக் குறிப்பும் இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் கடைசியாக அங்கே போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸை எழுப்பும் பூட் நிரலான கிரப்பின் இன்ஸ்டால் கட்டளையில் 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கிரப் அந்தப் பாதையிலேயே போய் உட்காரும். டெபியன் என்ற டிஸ்ட்ரோவுடைய இன்ஸ்டாலரின் எக்ஸ்பர்ட் முறை இதை நேரடியாகவே கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள். அந்த லேப்டாப்புகள் இதற்குப் பிறகு ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது. பென்டிரைவ் எந்த முறையில் பூட் ஆகிறதோ அந்த முறைக்குத்தான் இன்ஸ்டாலர் கிரப்பைப் பதிக்கும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு ஒன்று, வெறுமனே ஒன்று. அவசரத்தில் எதையாவது தேர்ந்தெடுக்காதீர்கள். லைவ் முறையில், அதாவது இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, உள்ளே போனதும், சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய பயாஸ் முறை. அதை உறுதி செய்துகொண்டு இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் பல மணி நேர அலைச்சல் மிச்சம்.

ஆட்டம் ப்ராசஸர் உள்ள சின்ன நெட்புக் ஒன்றும் வந்தது. ப்ராசஸர் 64 பிட், ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட். பே டிரெயில் என்ற ஆட்டம் தலைமுறையில் இது சகஜம். சாதாரண 64 பிட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான வட்டுப் பிரதிக் கோப்பு) போட்ட பென்டிரைவ் இதன் மெனுவில் வராது, ஏனென்றால் இது தேடுவது பூட்ஐஏ32 என்ற வேறு கோப்பை. டெபியன், ஃபெடோரா இரண்டிலும் இதற்கு வழி இருக்கிறது.

இனி டிஸ்ட்ரோ. நாங்கள் போடுவது எம்எக்ஸ் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதிலுள்ள ஸ்னாப்ஷாட் கருவி. ஒரு மெஷினில் தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகை, மராத்திக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டு, அந்த அமைப்பையே ஒரு ஐஎஸ்ஓவாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்து வரும் மெஷினில் அதை இறக்கினால் போதும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல்கள் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். தமிழ்99 முறையில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும். பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வேகம் கூட்ட ஒரே செலவுதான் செய்ய முடியும் என்றால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வட்டு) வாங்குங்கள். லேமிங்டன் ரோடு கணினிக் கடைகளில் தேடினால் சின்ன எஸ்எஸ்டியும் பழைய டிடிஆர்2 ராமும் கிடைக்கும். எஸ்எஸ்டி போட்ட கோர் 2 டுவோவை, சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள ஐ3-யைவிட நான் விரும்புவேன். ஆனால் 4 ஜிபி ராமில் பிரவுசரில் டேப்களை அடுக்கிக்கொண்டே போனால் திணறத்தான் செய்யும். ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் போட்டால் கொஞ்சம் தாங்கும். வீடியோவும் கோர் 2 டுவோவுக்குக் கஷ்டம். யூடியூப் அனுப்பும் விபி9 என்ற வீடியோ வடிவத்தை அவிழ்க்க அதில் தனிச் சுற்று கிடையாது, எல்லாச் சுமையும் ப்ராசஸர் மேல் விழுகிறது. அதற்குப் பதில் ஹெச்264 என்ற பழைய வடிவத்தை மட்டும் கேட்கவைக்கும் ஒரு பிரவுசர் நீட்சியைப் போட்டு, 480பி-யில் பாடங்களை ஓட்டுகிறோம். பாடம் பார்க்க அது போதும்.

எல்லாரையும் லினக்ஸ் போடச் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவில் கல்யாணப் பத்திரிகையும் போஸ்டரும் அடிக்கும் அண்ணாச்சி, "தம்பி, நம்ம சிஸ்டத்துக்கும் போட்டுக் குடேன்" என்றார். வேண்டாம் அண்ணாச்சி என்றேன். அவருடைய பல வருட வேலை முழுக்க விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் கோப்புகளில், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. பிரிண்டருக்கும் ஒழுங்கான லினக்ஸ் டிரைவர் இல்லை. அவர் பிழைப்பில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. கணக்குக்கு டேலி வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

பெற்றோர் கேட்பது எம்எஸ்-சிஐடி என்ற கணினிப் பயிற்சிச் சான்றிதழ் பற்றி. மகாராஷ்டிராவில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது, அதில் வருவது விண்டோஸும் எம்எஸ் ஆபீஸும். அதற்காகவே ஒரு மெஷினில் விண்டோஸை அப்படியே விட்டிருக்கிறோம். தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் அதில் பழகுகிறார்கள். லிப்ரே ஆபீஸில் கை பழகியவர்களுக்கு மெனுக்கள் இடம் மாறியிருப்பது மட்டும்தான் முதலில் தடுமாற்றம்.

மிச்சம் இருப்பது முழு 32 பிட் லேப்டாப் ஒன்று. ஆன்டிஎக்ஸ் 23 என்ற டிஸ்ட்ரோவைப் போட்டு ஓட்டுகிறேன்; அதன் அடிப்படை டெபியன் 12. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரும் கெர்னலும் (லினக்ஸின் மையக்கருவும்) இல்லை. டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை அந்த லேப்டாப்பை இணையத்தில் விடுவேன். அதற்குப் பிறகு வைஃபையைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளைகள் தமிழ்99 பழக மட்டும் வைத்துக்கொள்வதாக இருக்கிறோம்.